பதினான்கு நாளில் தவறிய எல்.கே.ஜி.

கேள்வி: என் மகள் 2023 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தாள். 2026 ஜூனில் எல்.கே.ஜி. சேர்ப்பதற்காக எங்கள் ஊரில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்குச் சென்றபோது, ஜூலை 31க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, “ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். இரண்டு வாரக் குறைவுக்காக ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டுமா? முதல் வகுப்பில் கேந்திரிய வித்யாலயாவுக்கு முயலும் எண்ணமும் இருக்கிறது.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: காத்திருங்கள் அம்மா. “பார்த்துக்கொள்ளலாம்” என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு எல்.கே.ஜி.யும், ஐந்து வயது நிறைந்த குழந்தைக்கு முதல் வகுப்பும் என்பதே கணக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே தேதியைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மகள் 2027 ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தால், 2029இல் முதல் வகுப்புக்குள் நுழையும்போது அவளுக்கு ஆறு வயதை எட்டச் சில வாரங்களே இருக்கும்.

கேந்திரிய வித்யாலயாவின் கணக்கு வேறு. அங்கே மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருந்தால்தான் முதல் வகுப்பு. அதற்கு முன் மூன்று, நான்கு, ஐந்து வயதினருக்கென பால்வாடிகா என்ற மூன்று நிலைகளைச் சில பள்ளிகளில் நடத்துகிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த அமைப்பு அது. 2029 மார்ச் 31 அன்று உங்கள் மகளுக்கு ஐந்தரை வயதுதான் கடந்திருக்கும் என்பதால், அவள் 2030இல்தான் அங்கே முதல் வகுப்பில் சேர முடியும். இந்த ஆண்டே அவசரமாக எல்.கே.ஜி.யில் சேர்த்தால், 2028இல் யு.கே.ஜி.யை முடித்துவிட்டு, அந்தப் பள்ளியில் சேர்வதற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேரும். எந்தப் பள்ளியில் முதல் வகுப்பு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

இடைப்பட்ட ஓராண்டுக்கு உங்கள் தெருவுக்கு அருகிலேயே அங்கன்வாடி இருக்கும். நம் ஊர்களில் இன்னும் பால்வாடி என்றே அழைக்கப்படும் இம்மையங்கள், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்குபவை. கட்டணம் கிடையாது, மதிய உணவும் முட்டையும் உண்டு, எடையும் உயரமும் பார்த்துக் குறித்துவைப்பார்கள். “சோறு போடும் இடம்தானே” என்று ஒதுக்கிவிடாமல், ஒரு நாள் முற்பகலில் போய் உட்கார்ந்து பாருங்கள். பணியாளரின் அக்கறையும் இடத்தின் தூய்மையும் மையத்துக்கு மையம் மாறுவதால், நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: பால்வாடியில் எழுதவே வைப்பதில்லை, பாட்டும் விளையாட்டும் மட்டும் போதுமா?
– அதே வாசகி

பதில்: மூன்று வயதுக்கு அதுதான் படிப்பு. உங்கள் மகளிடம் ஒரு கிரேயானைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து விரல்களாலும் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்துத்தான் கிறுக்குவாள். விரல் நுனிகளால் பிடிக்கும் வலு மெல்ல மெல்லத்தான் வரும். புளியங்கொட்டையைப் பொறுக்கிக் குழிகளில் போடுவதும், சப்பாத்தி மாவை உருட்டுவதும், சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவதும் அந்த வலுவைத் தரும் வேலைகள். அதற்கு முன்பே இரட்டைக்கோடு நோட்டில் ‘அ’ எழுத வைத்து, கோடு தாண்டியதற்காக அதட்டினால், குழந்தை எழுத்தையே வெறுக்கத் தொடங்கும். வீட்டுப்பாடம் என்றதும் அழும் நான்கு வயதுக் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு கதை சொல்லுங்கள், அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கை நேரத்தில் அதற்காக அலைபவர்கள் பலர்.