அந்த 12 நாட்கள்

மேடம்,

எனக்கு வயது 27. தனியாக வீடு எடுத்துப் போகலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். சம்பளமும் குறைவு. ஆனால் வீட்டில் இருக்கவே முடியவில்லை. ஒன்றாம் தேதி விடிந்தால் போதும், "சம்பளம் வந்துடுச்சா?" என்று அம்மா கேட்பார். நான் போனில் பேசினால் அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். எனக்கென்று அலமாரியில் ஒரு தட்டுகூடக் கிடையாது. மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த "சம்பளம் வந்துடுச்சா" மட்டும் தாங்க முடியவில்லை. போன முறை ஒப்பந்தம் தள்ளிப்போனபோது வீட்டில் சொல்லாமல் 12 நாள் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்பினேன். அதை விடுங்கள், இப்போது சரியாகிவிட்டது. வாடகையில் பாதியைத் தோழி தருகிறேன் என்கிறாள். "ஒரு மாசம் தாங்க மாட்டே" என்று அண்ணன் கேலி செய்கிறான். கிளம்பட்டுமா?

அன்புத் தங்கைக்கு,

அதை விடுங்கள் என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவை அந்த 12 நாளும் எங்கே உட்கார்ந்து திறந்தீர்கள்? சாப்பாடு இறங்கியதா? கடிதத்தில் அண்ணனுக்கு இரண்டு இடம் கொடுத்திருக்கிறீர்கள், இதற்கு ஒரு வரிதான்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, போனது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. தனி வீட்டை நீங்கள் தேடுவதில் பாதி, அடுத்த முறை யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோபப்படாதீர்கள், கொஞ்சம் அம்மா பக்கமும் பேசுகிறேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. அதைக் குற்றச்சாட்டாக மாற்றியது உங்களுக்குள் இருந்த ரகசியம். இன்னொன்று, ஆறு மணிக்கு வந்த உங்கள் முகத்தை 12 நாளும் பார்த்தவர் அவர். ஏதோ சரியில்லை என்று புரிந்து, எப்படிக் கேட்பதென்று தெரியாமல்கூட அப்படிக் கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை அவர்கள் தள்ளிப்போட்டது உங்கள் தவறல்ல. மறைத்தது மட்டும்தான் உங்களுடையது.

தனியாகப் போவது தவறே இல்லை. 27 வயதில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அங்கேயும் ஒன்றாம் தேதி வரும், வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு நூலகக் கதை சொல்ல முடியாது. அதனால் கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைவாகக் கைக்கு வந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அட்வான்ஸைத் தவிர மூன்று மாதச் செலவு கையில் இருக்கட்டும், உங்கள் ஒப்பந்தத்தின் ஆயுளே அவ்வளவுதானே. தோழி பாதியில் போய்விட்டால் முழு வாடகையும் யார் தலையில் விழும் என்பதை இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த 12 நாளை அம்மாவிடம் சொல்லுங்கள். அண்ணன் இல்லாத நேரமாகப் பாருங்கள். அவர் திட்டலாம், அழலாம். சொன்ன பிறகும் தனி வீடு வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வீடு பாருங்கள். அப்புறம் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.