ஏற்றியவர் ஒருவர், பொறுப்பு யாருக்கு? ஐரோப்பியப் பதிப்புரிமைக் கேள்விகள்

கேள்வி: இணையத் தளத்தில் பாட்டை ஏற்றியவர் பயனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் தளத்தை ஏன் பிடிக்கிறார்கள்? முன்பு இப்படி இல்லையே?

பதில்: இல்லைதான். 2000-ஆம் ஆண்டின் மின்வணிக நெறிமுறைப்படி (நெறிமுறை என்பது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றியச் சட்டம்), உரிமை மீறல் பற்றித் தெரிந்தவுடன் நீக்கிவிட்டால் தளம் தப்பிக்கலாம் என்றிருந்தது. 2019-இல் வந்த பதிப்புரிமை நெறிமுறையின் 17-ஆவது பிரிவு இதை மாற்றியது. பயனர்கள் ஏற்றும் படைப்புகளைப் பெருமளவில் சேமித்து, ஒழுங்குபடுத்தி, முன்னிறுத்தி லாபம் பார்க்கும் தளம், அவற்றைத் தானே பொதுமக்களுக்கு வழங்குவதாகக் கொள்ளப்படுகிறது. அப்படியானால் உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்காவிட்டால் தளம் மூன்றைக் காட்டியாக வேண்டும்: உரிமம் பெற முழுமுயற்சி எடுத்தது, உரிமையாளர் விவரம் கொடுத்த படைப்பு தளத்தில் கிடைக்காமல் தடுக்க முயன்றது, புகார் வந்ததும் நீக்கி மறுபடி ஏறாமல் பார்த்துக்கொண்டது.

கேள்வி: தளம் உரிமம் வாங்கிவிட்டால் நானும் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வணிக நோக்கமில்லாமல் ஏற்றுபவர்களுக்கும், அதில் பெரிய வருமானம் பார்க்காதவர்களுக்கும் அந்த உரிமமே போதும். பலருக்குத் தெரியாத நல்ல செய்தி இது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போன வருடம்தான் ஒரு காணொளித் தளம் தொடங்கினோம். எங்களுக்கும் இதே சுமையா?

பதில்: அவ்வளவு இல்லை. தொடங்கி 3 ஆண்டுகள் ஆகாமல், ஆண்டு விற்றுமுதல் 1 கோடி யூரோவுக்குக் கீழே இருந்தால், உரிமம் பெற முயல்வதும் புகார் வந்ததும் நீக்குவதும் போதும். மாதத்துக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வரத் தொடங்கினால், நீக்கியது திரும்ப ஏறாமலும் பார்க்க வேண்டும். லாப நோக்கமற்ற இணையக் கலைக்களஞ்சியங்கள் இந்தப் பிரிவுக்குள் வரவே மாட்டா.

கேள்வி: எல்லாவற்றையும் கண்காணிக்கச் சொல்லவில்லை என்கிறது சட்டம். ஆனால் ஏற்றுவதைத் தானாகவே சோதித்துத் தடுக்கும் மென்பொருள், அதாவது வடிகட்டி, இல்லாமல் எப்படித் தடுப்பது? முரண்பாடாகத் தெரிகிறதே?

பதில்: போலந்து இதே கேள்வியோடுதான் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 26-இல் தீர்ப்பு வந்தது. போலந்து தோற்றது, 17-ஆவது பிரிவு நிலைத்தது. ஆனால் தீர்ப்பின் உள்ளே இருப்பதுதான் முக்கியம். பெரிய தளங்களுக்குத் தானியங்கி வடிகட்டி தவிர வேறு வழியில்லை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், சட்டப்படி சரியானதையும் தவறானதையும் போதிய அளவு பிரித்தறியத் தெரியாத வடிகட்டி கருத்துச் சுதந்திரத்தோடு ஒத்துவராது என்றது. மேற்கோள், விமர்சனம், கேலிச்சித்திரம், பகடி ஆகியவை பயனரின் உரிமைகள். பிரிவின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை மறந்துவிட்டு வடிகட்டியைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். ஒரு படத்தைப் பற்றிய என் 9 நிமிட விமர்சனத்தில் 12 விநாடிக் காட்சி வருகிறது. ஏற்றும்போதே தடை. அழித்துவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். ஜெர்மனி 2021 ஆகஸ்டு 1 முதல் இதற்கென்றே தனிச்சட்டம் வைத்திருக்கிறது. மூலப்படைப்பில் பாதிக்கும் குறைவாக எடுத்து, வேறு உள்ளடக்கத்தோடு சேர்த்து, வணிக நோக்கமில்லாமலோ சொற்ப வருமானத்துக்கோ 15 விநாடிக்குள் பயன்படுத்தினால், அது அனுமதிக்கப்பட்டது என்றே முதலில் கொள்ள வேண்டும். எழுத்துக்கு வரம்பு 160 எழுத்துகள், படத்துக்கு 125 கிலோபைட். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் 12 விநாடி உள்ளேதான் வருகிறது. காட்சி இன்னும் நீளமாக இருந்தாலும், சட்டம் அனுமதிக்கும் பயன்பாடு இது என்று ஏற்றும்போதே குறிக்கும் வசதியைத் தளம் தர வேண்டும். அதில் மேற்கோள் என்று குறியுங்கள். அப்புறம், உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை காணொளி எல்லோரும் பார்க்கும்படி இருந்துகொண்டே இருக்கும். அந்த முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், இயந்திரம் அல்ல. தடைச் செய்தி வந்த திரையையும் தேதியையும் இன்றே படமெடுத்து வையுங்கள். காட்சி எந்த நிமிடத்தில் வருகிறது, அதைப் பற்றி நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி முறையீட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.