கூச்சமான கேள்வி, உண்மையான பதில்: சர்வே பற்றிக் கேள்வி பதில்

குடி, உடலுறவு, கருக்கலைப்பு, வீட்டில் அடி உதை. இதையெல்லாம் சர்வேயில் கேட்டு வரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்வித்தாள் தயாரிப்பதும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் இதையெல்லாம் யார் உண்மையாகச் சொல்லப் போகிறார்கள்?

நாம் நினைப்பதைவிட நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை தலைகீழாக மாறும். 1995இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் ஒரு தேசிய சர்வே நடந்தது. சிலருக்கு அச்சடித்த தாளைக் கொடுத்து அவர்களையே நிரப்பச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு லேப்டாப்பும் ஹெட்போனும் கொடுத்தார்கள், கேள்வி அவர்கள் காதில் மட்டும் கேட்கும், பதிலுக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பையன்கள்தான். இன்னொரு ஆணுடன் உறவு இருந்ததாகத் தாளில் சொன்னவர்கள் 1.5 சதவீதம், லேப்டாப்பில் சொன்னவர்கள் 5.5 சதவீதம். இத்தனைக்கும் தாளும் தானே நிரப்புவதுதான், யாரும் வாய்விட்டுப் பதில் சொல்லவில்லை. நிரப்பிய தாளை சர்வே எடுப்பவர் கையில் கொடுக்கும்போது அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற பயமே போதும்.

கேள்வி: எத்தனை பேருடன் உடலுறவு என்று கேட்டால் ஆண்கள் கூட்டிச் சொல்வார்கள், பெண்கள் குறைத்துச் சொல்வார்கள் என்கிறார்களே, நிஜமா?

ஓரளவு நிஜம். 2003இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். தங்கள் பதிலை வேறொருவர் பார்க்கக்கூடும் என்று நினைத்த பெண்கள் சராசரியாக 2.6 துணைகள் என்றார்கள், பெயர் தெரியாமல் தனியறையில் எழுதியவர்கள் 3.4, பொய் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஒரு போலிக் கருவியில் இணைக்கப்பட்டவர்கள் 4.4. ஆண்களின் எண் பெரிதாக அசையவில்லை. ஆனால் எல்லா வித்தியாசத்தையும் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பெண்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்கள், ஆண்கள் பலர் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்கிறார்கள், அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: காசு சுண்டிப் போட்டுப் பதில் சொல்லும் முறை பற்றி வகுப்பில் சொன்னார்கள். புரியவே இல்லை மேடம்.

1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் இதன் முதல் வடிவத்தைச் சொன்னார். எளிதான ஒரு வடிவம் இப்படி: நீங்கள் காசைச் சுண்டுகிறீர்கள், என்ன விழுந்தது என்று யாருக்கும் காட்ட வேண்டாம். தலை விழுந்தால் எதையும் யோசிக்காமல் "ஆம்" சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 1,000 பேரில் 600 பேர் "ஆம்" என்கிறார்கள் என்று வையுங்கள். சுமார் 500 பேருக்குத் தலை விழுந்திருக்கும், அந்த 500 "ஆம்" காசினால் வந்தது. மிச்சம் 100. பூ விழுந்த 500 பேரில் 100, அதாவது 20 சதவீதம். எந்த ஒரு ஆளையும் காட்டிக்கொடுக்காமல் மொத்தத்தை மட்டும் தெரிந்துகொள்கிறோம். எனக்கு இன்றும் பிடித்த யோசனை இது.

ஆனால் களத்தில் கதை வேறு. நெதர்லாந்தில் அரசு உதவித்தொகையில் மோசடி செய்து ஏற்கெனவே மாட்டியவர்களிடமே இந்த வகை முறையைச் சோதித்தார்கள். நேரில் கேட்டபோது 25 சதவீதம்தான் ஒப்புக்கொண்டார்கள், இந்த முறையில் 40 சதவீதத்துக்கு மேல் போனது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிக்கு மேல் மறைத்தார்கள். ஜெர்மனியில் தண்டனை பெற்றவர்களிடம் சோதித்தபோது நேரில் கேட்டதற்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஒரு தப்பும் செய்யாத ஆளிடம் "தலை விழுந்தால் ஆம் சொல்லு" என்றால் அவருக்கு மனசு வராது, அதுதான் சிக்கல். அப்புறம், பாதிப் பேரின் பதிலில் தகவலே கிடையாது என்பதால் சாம்பிள் பெரிதாக இருக்க வேண்டும். 200 பேரை வைத்து முதுகலை ஆய்வு செய்பவர்கள் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் கிராமங்களில் வீடு வீடாகப் போய் சர்வே எடுக்கிறேன். கணவர் அடிப்பாரா என்று கேட்க ஆரம்பிக்கும்போதே மாமியார் வந்து உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்ய?

கேட்காதே. தேசிய குடும்ப நல ஆய்விலேயே இந்தப் பகுதிக்குத் தனி விதி உண்டு: ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். பொய் வரும் என்பதைவிடப் பெரிய காரணம், அவள் சொன்னது வீட்டுக்குத் தெரிந்தால் நீ கிளம்பிய பிறகு அவளுக்கு அடி விழும். ஒரு பதிலுக்காக அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

இரண்டு பேராகப் போக முடிந்தால் போ. ஒருத்தி மாமியாரிடம் ரேஷன் கார்டு, ஆடு மாடு பற்றிக் கேட்டு வாசலிலேயே உட்காரவைக்கட்டும். பாதியில் யாராவது உள்ளே வந்தால் உடனே குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று மாறிவிட வேண்டும், அந்தக் கேள்விகளைத் தயாராக வைத்துக்கொள். இன்னொன்று, "கொடுமைப்படுத்துகிறாரா" என்று கேட்காதே. அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேள். கொடுமை இல்லை என்று சொன்ன அதே வாய், அறைந்தது உண்டு என்று சொல்லும்.

கேள்வி: பெயர் ரகசியமாக இருக்கும் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் போதாதா?

எழுத வேண்டும், ஆனால் இரண்டு வரி போதும். சாதாரணக் கேள்விகளுக்கு முன்னால் பக்கம் பக்கமாக உறுதி கொடுத்தால், ஏதோ பெரிய விஷயம் கேட்கப்போகிறார்கள் என்று ஜனங்கள் உஷாராகிவிடுகிறார்கள்.

கேள்வி: அப்போ டேப்லெட் கணினியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

எல்லா இடத்திலும் இல்லை. புனேயில் இளைஞர்களிடம் ஹெட்போன் முறையையும் நேரில் கேட்பதையும் ஒப்பிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் கணினியில் கூடுதலாகச் சொன்னார்கள், குடிசைப் பகுதி இளைஞர்களிடம் அந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. கருவி பழக்கமில்லாதவருக்கு எதிரே இருக்கும் மனிதரே நம்பிக்கையாகத் தெரியலாம்.

கேள்வி: எப்படிக் கேட்டாலும் சொல்லவே மாட்டார்கள் என்றால்?

கேட்பதை விட்டுவிட்டு வேறு வழியில் எண்ணலாம். கருக்கலைப்பு அப்படிப்பட்டது, அமெரிக்காவிலேயே தேசிய சர்வேயில் பெண்கள் பாதிக்கும் குறைவாகத்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் மாத்திரை விற்பனையையும் மருத்துவமனைக் கணக்கையும் வைத்து மதிப்பிட்டார்கள். 2015இல் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் என்று வந்தது. அரசுக் கணக்கில் பதிவானவை வருடத்துக்கு 7 லட்சம் அளவில்தான்.

கேள்வி: மேடம், என் ஆய்வில் பள்ளி மாணவர்களில் 2 சதவீதம்தான் புகையிலை போடுவதாக வந்தது. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கும்போது எடுத்தது. "பிரச்சினை குறைவு" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். "ஆசிரியர் அறையில் இருந்தார், 2 சதவீதம் மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதுங்கள். இது குறைந்தபட்ச எண், உண்மை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று அட்டவணைக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் மட்டும் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, பெயர் எழுதாத தாளைப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லித் திரும்ப எடுங்கள்.