கிரீஸ் கன்னும் ஏழு மாதமும்

அன்புள்ள ஐயா,

எழுத வருவதற்கு முன் நீங்கள் பல வருடம் மெயின்டனன்ஸில் இருந்தவர் என்று தெரியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மோட்டாரைப் பிரித்துச் சேர்க்கலாம், பேனல் வேலை பழகலாம் என்று நினைத்து வந்தேன். நடப்பது வேறு. ஷிஃப்ட் தொடங்கியதும் கிரீஸ் கன்னைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மெஷினைத் துடைப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் அடிப்பது.

போன வாரம் ஒரு கன்வேயர் நின்றுபோனது. மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்து டெர்மினல் பாக்ஸைத் திறந்து முக்கால் மணி நேரம் பார்த்தேன். சீனியர் அண்ணன் வந்தார். பேனலை ஒரு தடவை பார்த்தார். நேராகப் போய் ஒரு சென்சாரைத் துணியால் துடைத்தார். ஓடிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுதே, கண்ணை எங்கே வெச்சிருந்த?" என்கிறார்.

ஒரே ஒரு முறை ஒரு ப்ளோயரின் பேரிங் மாற்றுகிற வேலையை முழுதாக என்னிடம் விட்டார்கள். 12 நாளில் சத்தம் போட்டு நின்றுவிட்டது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். மறுபடி கிரீஸ் கன். எனக்குக் கைராசி இல்லையா? இதை விட்டுவிட்டு, மெஷின்களை இயக்கும் கணினியான பி.எல்.சி. பற்றிய கோர்ஸில் சேர்ந்துவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

* * *

அன்புள்ள தம்பிக்கு,

கைராசியை ஓரமாக வைப்போம். 12 நாளில் போன பேரிங்குக்கு ஒரு காரணம் இருக்கும், அது பெரும்பாலும் அந்த பேரிங்கிலேயே எழுதியிருக்கும். அதற்கு வருகிறேன். முன்னதாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டும். டெர்மினல் பாக்ஸைத் திறந்தீர்களே, கரன்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சில் உங்கள் பூட்டைப் போட்டுவிட்டுத் திறந்தீர்களா?

கன்வேயர் நின்றுகிடந்ததால் கரன்ட் இல்லை என்று நினைத்திருந்தால், அன்று நீங்கள் தப்பித்தது சென்சார் சரியாகாமல் இருந்ததால் மட்டும்தான். வேறு யாராவது அந்த முக்கால் மணி நேரத்தில் சென்சாரைத் துடைத்திருந்தால் உங்கள் விரலுக்குக் கீழே மோட்டார் கிளம்பியிருக்கும். உங்கள் பூட்டு, அதன் சாவி உங்கள் பையில். அடுத்தவர் ஏற்கனவே பூட்டியிருக்கிறார் என்பது கணக்கில் வராது. அவர் வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். பூட்டிய பிறகு மல்டிமீட்டரை முதலில் கரன்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் நீங்கள் தொடப்போகிற இடத்தில், அப்புறம் மறுபடி முதல் இடத்தில். மீட்டரே செத்துப்போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும். சிலிண்டரில் அடைபட்ட காற்று, தூக்கி நிறுத்திய எடை, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர், இவை எல்லாம் ஸ்விட்ச் அணைந்த பிறகும் உயிரோடு இருப்பவை. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் தலைமாட்டில் நின்று மணி பார்ப்பார். பார்க்கட்டும்.

சரி, கன்வேயர். நான் அங்கே இல்லை, இருந்தாலும் உங்கள் அண்ணன் பேனலில் எதைப் பார்த்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பி.எல்.சி.யில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு குட்டி விளக்கு உண்டு. மோட்டாருக்கான அவுட்புட் விளக்கு எரியவில்லை என்றால், மோட்டாரை ஓடச் சொல்லி உத்தரவே போகவில்லை என்று அர்த்தம். உத்தரவு வராத மோட்டார் என்ன தப்பு செய்யும்? அந்த ஒரு பார்வையில் கான்டாக்டர், கேபிள், மோட்டார், கியர்பாக்ஸ் என்று பாதிக்கு மேல் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகிறது. அடுத்து இன்புட் வரிசை. பெட்டி நிற்கிறது என்று ஒரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் பெல்ட் காலி. அப்படியானால் சென்சார் பொய் சொல்கிறது. எதிரே இருக்கும் ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து வேலை செய்கிற சென்சார் என்றால், லென்ஸில் தூசி படிந்தாலே போதும், முன்னால் ஏதோ மறைக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். துணி எடுத்தார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சந்தேகத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியைத் தூக்கிப் போடுவது. மீதியை மறுபடி வெட்டுவது. நீங்கள் மோட்டாரில் தொடங்கினீர்கள், அதாவது சங்கிலியின் கடைசிக் கண்ணியில். ஆனால் ஒன்று கவனியுங்கள். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததால்தான் எரியக்கூடாத விளக்கு கண்ணில் பட்டது. அது எப்படித் தெரியும்? கோளாறு இல்லாத நாட்களில் அந்தப் பேனலைப் பார்த்து வைத்திருக்கிறார். பிரேக்டவுன் சமயத்தில் மட்டும் மெஷினைப் பார்ப்பவனுக்கு எல்லாமே கோளாறு மாதிரிதான் தெரியும்.

ஏழு மாதமாக உங்களை அந்த நல்ல நாட்களில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், கையில் கிரீஸ் கன்னோடு. இதை அவர்கள் யோசித்துச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பல இடங்களில் யாரும் செய்ய விரும்பாத வேலை அப்ரெண்டிஸ் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் வேறு எந்த வேலையும் உங்களை ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் தினமும் கொண்டுபோய் நிறுத்தாது. துடைக்கும்போதுதான் நேற்று இல்லாத எண்ணெய்க் கசிவு தெரியும். பெல்ட்டுக்குக் கீழே கறுப்புப் பொடி இருந்தால் பெல்ட் எங்கோ உரசுகிறது. ஒரு மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு இருப்பது மட்டும் கோளாறு ஆகிவிடாது, பல மோட்டார்கள் இயல்பிலேயே அப்படி ஓடுபவை. பக்கத்தில் அதே வேலை செய்கிற இன்னொன்றை விட, போன வாரத்து அதையே விட, சூடு கூடியிருந்தால்தான் கேள்வி. போன வாரம் எவ்வளவு என்பது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். (நோட்டு வைத்திருக்கிறீர்கள்தானே?)

கிரீஸிலேயே எவ்வளவோ இருக்கிறது. நிறைய அடித்தால் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். வேகமாகச் சுற்றும் பேரிங்கை கிரீஸால் அடைத்துவிட்டால் உள்ளே உருளும் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே ஓட வேண்டும், அதிலேயே சூடேறும். சீல் பிதுங்கும். மோட்டாராக இருந்தால் கிரீஸ் உள்ளே கம்பிச் சுருளான வைண்டிங் வரைக்கும் போகும். இரண்டு வகை கிரீஸைக் கலந்தால் சில ஜோடிகள் தண்ணீராக இளகி ஓடிவிடும். ஆகவே நாளைக்கு அந்தக் கன்னை வாங்கும்போது, ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் வருகிறது, இந்தப் பாயின்டுக்கு எத்தனை அழுத்து, உள்ளே இருப்பது எந்த கிரீஸ் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பார்கள் என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். தராசில் பத்து அழுத்து அடித்து எடை போட்டால் முதல் பதில் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியது.

இப்போது உங்கள் பேரிங். ஷாஃப்டில் ஏற்றும்போது எங்கே தட்டினீர்கள்? உள் வளையம்தான் ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கிறது, ஆகவே விசை உள் வளையத்தின் மேல்தான் விழ வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாக உள்ளே போகிறது. குண்டு ஓடுகிற பாதையில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற சின்னப் பள்ளங்கள், குண்டுக்கு ஒன்று. பேரிங் ஏறிவிடும், கையால் சுற்றினால் ஓரளவு நன்றாகவே சுற்றும், ஓட்டினால் முதல் நாள் அமைதியாகக்கூட இருக்கும். அப்புறம் பள்ளத்தின் விளிம்பு உதிரத் தொடங்கும், சத்தம் வரும். சில நாளிலோ சில வாரத்திலோ கதை முடிந்தது. பேரிங்கை இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் உள் வளையம் விரிந்து தானாகவே ஷாஃப்டில் வழுக்கி உட்காரும், சுத்தியலுக்கே வேலை இல்லை. உங்கள் இடத்தில் ஹீட்டர் இல்லை என்றால், உள் வளையத்தில் மட்டும் படுகிற ஒரு குழாய்த் துண்டு வேண்டும்.

வேறு காரணங்களும் இருக்கலாம். பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருக்கலாம். குண்டு பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கி உள் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று சொல்லிவிடலாம் (04இலிருந்து இந்தக் கணக்கு சரிவரும், 00, 01, 02, 03 மட்டும் 10, 12, 15, 17). அதற்குப் பின்னால் வரும் சி3 என்ற வால்தான் பலரும் கவனிக்காதது. உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். சி3 இருந்த இடத்தில் சாதாரணமானதைப் போட்டால், சூடாகி விரியும்போது பேரிங் தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும்.

உங்கள் பேரிங் மாதிரி, மாற்றிய கொஞ்ச நாளிலேயே போவது அபூர்வமான விபத்து அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடற்கரைப் பிரிவில் சி. எச். வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் ஒரு குழுவோடு வேலை செய்தார். அங்கே 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை விமானங்களைத் திறந்து சோதிப்பார்கள். எதிர்பாராத பழுதுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், சோதனை முடிந்த உடனே அவை எகிறுகின்றன, அப்புறம் போகப் போகக் குறைகின்றன, அடுத்த சோதனைக்குப் பின் மறுபடி எகிறுகின்றன. நன்றாக ஓடியதைத் திறந்து மூடியதே பல பழுதுகளுக்குக் காரணம். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் விமான பாகங்களைப் பற்றிக் கொடுத்த அறிக்கையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அவர்கள் பார்த்ததில் 68 சதவீத பாகங்கள் புதிதாகப் போட்ட தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாகின, அந்தக் கட்டத்தைத் தாண்டியவை நிலையாக ஓடின. வயதாக ஆகத் தேய்ந்து போகிற வகை 11 சதவீதம்தான். விமானக் கணக்கை அப்படியே கன்வேயருக்குப் போட முடியாது. ஆனாலும் பிரித்துச் சேர்க்கக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். திறக்காமலே கண்டுபிடிக்க முடிகிறவர்தான் இந்த வேலையில் பெரிய ஆள். உங்களுக்கு ஆசை திறப்பதில் இருக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் கதையைச் சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் ஒரு பம்ப் மோட்டார் ட்ரிப் ஆனது. கரன்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயில் ரீசெட்டை அழுத்தினேன். உறுமியது, கிளம்பவில்லை, ட்ரிப். மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை கருகின வாடை வந்தது. மூன்று ஃபேஸில் ஒன்றின் ஃபியூஸ் போயிருந்தது. நின்ற மோட்டார் இரண்டு ஃபேஸில் சுழலத் தொடங்காது, உறுமிக்கொண்டே கரன்ட்டைக் குடிக்கும். ரிலே எனக்கு மூன்று தடவை சொல்லியும் நான் கேட்கவில்லை, அதன் வாயைப் பொத்தினேன். மீட்டரை வைத்து மூன்று ஃபேஸையும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு எனக்கும் சில மாதம் துடைப்பதுதான் வேலை.

உங்கள் அண்ணன் "பார்த்தாலே தெரியுதே" என்பது பெருமையடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு அது நிஜமாகவே அப்படித்தான். வருடக்கணக்கில் கைக்குள் போய்விட்டதை வார்த்தையாக வெளியே எடுக்க வராது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. "மோட்டார் இல்லைன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். வேலை நடக்கும்போது கேட்காதீர்கள். லைன் ஓடத் தொடங்கி, அவர் கை துடைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஐந்து நிமிடம்தான் சரியான நேரம். எல்லார் முன்னாலும் திட்டியது தப்பு, அதில் நான் உங்கள் பக்கம். ஒரு பயிற்சியாளனிடம் முழு வேலையை விட்டுவிட்டு பக்கத்தில் நிற்காமல் போனதில் அவருக்கும் பங்கு உண்டு. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்.

பி.எல்.சி. கோர்ஸ் தாராளமாகப் படியுங்கள், சாயங்காலத்தில். இதை விட்டுவிட்டுப் போக வேண்டாம். புரோகிராமில் ஒரு வரி எழுதும்போது அதன் மறுமுனையில் தூசி படிகிற ஒரு சென்சார் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

அந்தப் பழைய பேரிங் ஸ்கிராப் பெட்டியில் இன்னும் கிடந்தால் எடுத்து வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அண்ணனையும் கூப்பிட்டு வைத்து, வெளி வளையத்தை கிரைண்டரால் இரண்டு இடத்தில் அறுத்துப் பிரியுங்கள். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் இருந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் குண்டுகளின் இடைவெளியோடு பொருந்தினால், சுத்தியல்தான். வைக்கோல் நிறமோ நீலமோ தெரிந்தால் சூடு. ஏணிப்படி மாதிரி நெருக்கமான வரிகள் ஓடினால் சுத்தியல் மேல் பழி போடாதீர்கள், மோட்டாரிலிருந்து ஷாஃப்ட் வழியாகக் கரன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எது இருந்தது என்று எழுதுங்கள்.