செவுளின் சிவப்பு

அன்புள்ள சார்,

விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. இந்த செமஸ்டருக்காகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைக் கருப்பு வெள்ளையில் ஒரு தொடராக எடுத்து வருகிறேன். வண்ணத்தில் காட்டியபோது வகுப்பில் யாரும் கண்டுகொள்ளாத படங்களையே கருப்பு வெள்ளையாக்கிக் காட்டியதும் ‘ஆழமா இருக்கு’ என்றார்கள். என் அம்மா மீன் விற்பவர். அவரிடம் காட்டினால், ‘ஏன்டா எல்லா மீனும் கெட்டுப்போன மாதிரி இருக்கு?’ என்கிறார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. தொடர்ந்து இப்படியே எடுக்கலாமா? ஃபிலிம் கேமராவுக்கு மாறினால் சரியாகுமா?

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

தாராளமாகத் தொடருங்கள். ஆனால் வகுப்பில் கிடைத்த பாராட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா கேட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்களுக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அதுதான்.

மீன் வாங்க வருபவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்பேறியிருந்தால் பழசு. கருப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் பழுப்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். அந்தக் கூடையில் இருந்த முக்கியமான தகவலே படத்தில் இல்லாமல் போய்விட்டது. அந்தச் சிவப்பை வைத்தே தொழில் செய்கிறவர் அது காணாமல் போனதை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

கேமரா பதிவு செய்த வண்ணத் தகவல் முழுவதும் இருக்கும் ரா ஃபைலாக எடுத்து, பிறகு கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு சானலை, அதாவது படத்தில் சிவப்பின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். செவுள் வெளுக்கும், நீலப் படகும் வானமும் கருக்கும். நீலத்தைக் கூட்டினால் எல்லாம் தலைகீழாகும். ஒரே படத்துக்கு எத்தனையோ கருப்பு வெள்ளைகள் உண்டு. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் மென்பொருள் செய்துவிடும். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும், அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். அவர் நெகட்டிவின் மேல் நிறமி தீட்டி மேகம் சேர்த்திருக்கிறார்.

அப்புறம் அந்த ‘ஆழமா இருக்கு’. எனக்கு இதில்தான் கவலை. வடசென்னை என்றாலே அழுக்கு, வறுமை, சண்டை என்று பார்க்கப் பழகியவர்களுக்கு, நிறத்தை எடுத்துவிட்டால் அவர்கள் எதிர்பார்த்த படமே கிடைத்துவிடுகிறது. க்யூஆர் கோடு அட்டையை மாட்டிவைத்து வியாபாரம் செய்கிற பெண், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஏழையைப் போலத் தெரிகிறார். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் பழசாகத் தெரிவதில் தவறில்லை. அதன் வாசலில் போனைப் பார்த்தபடி நிற்கிற பெண்ணும் சேர்ந்து பழசாகிவிடக் கூடாது. சோகம் சேர்ப்பதற்காகக் கருப்பு வெள்ளைக்குப் போகாதீர்கள்.

எண்ணூருக்குப் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த இடங்களைப் பலரும் கருப்பு வெள்ளையில் எடுக்கிறார்கள். படம் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே சாம்பல் நிறமாக இருக்கும்போது சாம்பலை எப்படிக் காட்டுவது? பக்கத்தில் அலையாத்திச் செடியின் பச்சை தெரிந்தால்தான் அங்கே என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். அங்கே எனக்கு வண்ணம்தான் வேண்டும்.

காசிமேட்டிலேயே கருப்பு வெள்ளைக்கென்று இருப்பவை நிறைய. விடிவதற்கு முன் ஏலம் நடக்கும்போது மேலிருந்து விழும் விளக்கு வெளிச்சம், நொறுக்கிய ஐஸ், ஈரத் தரை, குவிந்து கிடக்கும் வலை, வலை பின்னுகிறவரின் விரல்கள். இங்கெல்லாம் ஒளியும் சொரசொரப்பும்தான் விஷயம், நிறம் குறுக்கேதான் வரும். உங்கள் தொடரை இந்தப் பக்கம் திருப்புங்கள். செவுள் தெரிகிற படங்களை வண்ணத்திலேயே விடுங்கள், இரண்டும் கலந்த தொடராக இருக்கட்டும். ஆசிரியர் கேட்டால் காரணம் சொல்ல உங்களிடம் இருக்கிறது.

ஃபிலிமுக்கு மாறினால் இது சரியாகாது. ஃபிலிமிலும் சிவப்பும் பழுப்பும் அப்படித்தான் விழும். லென்ஸில் எந்த நிற ஃபில்டர் போடுவது என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆசையாக இருந்தால் நண்பர்களோடு சேர்ந்து 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) ஃபிலிம் ரோல் ஒன்று வாங்கி, 36 ஃபிரேமையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஃபிலிம் கழுவ இருட்டறை தேவையில்லை. ஒளி புகாத பை, ஃபிலிமைச் சுருட்டி வைக்கும் டேங்க், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் போதும். டெவலப்பருக்கான நேரத்தைப் பெரும்பாலும் 20 டிகிரிக்குத்தான் போட்டிருப்பார்கள். சித்திரை மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடும். கரைசல் பாட்டிலை ஐஸ் வாளியில் வைத்து, தெர்மாமீட்டரில் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

அன்புடன்