துணை அதிபருக்கு வேலையே இல்லை, என்ன செய்வது?

கேள்வி: ஐயா, 1944 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்குத் துணையாக நின்றது ட்ரூமன் அல்ல, நான் படைத்த வேறொருவர் என்று வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். துணை அதிபரான பிறகு அவருக்கு வேலையே இல்லை; கதை படுத்துவிட்டது. படையைத் திரட்டி ஆட்சியைப் பிடிக்க வைக்கலாமா? "தோட்டத்தில் பிறந்தவனுக்கு அமெரிக்காக்காரன் கதை எதற்கு?" என்கிறார் அண்ணன். தன் அப்பாவை ஜப்பான்காரன் ரயில் பாதை போட சயாமுக்கு (தாய்லாந்துக்கு) பிடித்துப் போனதை எழுதச் சொல்கிறார் பாட்டி.
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, ஆட்சிக் கவிழ்ப்பு வேண்டாம். காத்திருப்பதுதான் அந்தப் பதவி. நாம் பார்க்காததா? என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது சின்ன துரை (துணை மேலாளர்) டார்ச்லைட்டோடு ஓரமாக நிற்பார், வாய் திறக்கமாட்டார். பெரிய துரை சீமைக்கு விடுப்பில் போன மாதம்கூட அவர் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே செக்ரோலில் (ஆட்களின் வருகைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டார். உங்கள் ஆளுக்கும் அப்படி ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

ட்ரூமன் துணை அதிபராக இருந்ததே 82 நாள். செனட்டுக்குத் தலைமை தாங்கலாம், வாக்குகள் சமமானால் தன் வாக்கைப் போடலாம், அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 10-இல் போர்க்கால உதவிச் சட்டத்துக்கு வந்த ஒரு திருத்தம் 39-க்கு 39 என்று நின்றது. அவர் எதிர்த்து வாக்களித்தார். 12-ஆம் தேதி ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். ட்ரூமன் அதிபராகப் பதவியேற்ற அன்று மாலைதான் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் ஒரு புதுக் குண்டைப் பற்றி ஓரிரு வார்த்தை காதில் போட்டார். முழு விவரம் தெரிந்தது 25-ஆம் தேதி. அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாவலே இருக்கிறது.

துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கட்சியின் சிகாகோ மாநாட்டில், முதல் சுற்றில் முந்தியவர் அப்போதைய துணை அதிபர் வாலஸ். இரண்டாம் சுற்றில்தான் ட்ரூமன் வென்றார். உங்கள் ஆளை அங்கே நுழையுங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள். அதிபரானதும் புதுத் துணை அதிபரை நியமித்துவிடவும் வேண்டாம். அதற்கு வழி வந்தது 1967-இல், அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தத்தில்.

அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1945 ஆகஸ்டில் அந்த அணுகுண்டுகள் விழுந்தன, 15-ஆம் தேதி ஜப்பான் பணிந்தது, செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மலாயாவில் இறங்கியது. சயாம் ரயில் பாதை 1943 அக்டோபரிலேயே இணைந்துவிட்டாலும், போர் முடியும்வரை நம் ஆட்களில் பலரை அங்கேயே வேலை வாங்கினார்கள். குண்டு வேண்டாம் என்று உங்கள் அதிபர் தயங்கி, போர் நீண்டால், பாட்டியின் அப்பாவுக்கு அந்த நாள்களும் சயாமில்தான். தயங்கினால் ஹிரோஷிமாவில் ஒரு குழந்தை மறுநாளும் பள்ளிக்கூடம் போகும். இரண்டையும் எழுதுங்கள். பாட்டி சொல்வதும் உங்கள் நாவலும் ஒரே கதைதான்.

பாட்டியின் அப்பா லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) திரும்பி வந்தாரா, எந்த மாதம், கையில் என்ன இருந்தது என்று இந்த வாரமே பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.