தானாக ஓடும் வண்டிப் பந்தயம்: கேள்வி பதில்

தானாக ஓடும் சின்ன வண்டி செய்து மைதானத்தைச் சுற்றவிடும் போட்டிக்குப் பல அணிகள் ஆயத்தமாகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவன்: அண்ணா, ஜீபிஎஸ், கமரா, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) மூன்றும் வேணுமா? எங்களிடம் காசு குறைவு.

வேண்டாம் தம்பி. ஒரு ரிமோட் கார், ஜீபிஎஸ், வண்டி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கைரோ, சக்கரம் எத்தனை தரம் சுற்றியது என்று எண்ணும் என்கோடர். முதல் வருசத்துக்கு இது காணும். காசு இருந்தால் மட்டும் வண்டி ஓடிவிடாது. 2004இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்பா நடத்திய தானாக ஓடும் வண்டிப் பந்தயத்தின் தூரம் 142 மைல். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. ஆகத் தூரம் போன கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டியும் ஏழரை மைல் எட்டுவதற்குள் சிக்கிக்கொண்டது. அடுத்த வருசம் 132 மைல் பாதையை ஐந்து வண்டிகள் முடித்தன, ஸ்டான்போர்டின் ஸ்டான்லி வென்றது.

வந்தாறுமூலை, கம்பஸ் அணி: வண்டி கிழக்கு மேற்காக நேராகப் போகிறது. வடக்கு தெற்காக விட்டால் பாம்பு மாதிரி நெளிகிறது. ஜீபிஎஸ் பழுதா? ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டுதான் பாவிக்கிறோம்.

ஜீபிஎஸ் பழுதில்லை, பிழை ஊனோவில் எண்ணை வைக்கும் விதத்தில். மலிவான ஜீபிஎஸ் சில மீற்றர் பிசகும்தான், ஆனால் அந்தப் பிசகு மெதுவாக நகரும், இப்படி நெளியவைக்காது. தசம எண்ணைத் துல்லியமாக வைக்க ஊனோவில் 'டபிள்' என்று எழுதினாலும் அது துல்லியம் குறைந்த 'புளோட்' மாதிரி நாலு பைட்தான். மட்டக்களப்பின் நெட்டாங்கு 81.7 பாகை அளவில் இருக்கிறது. அந்தப் பெறுமானத்தில் நாலு பைட் புளோட்டால் பிரித்துக் காட்டக்கூடிய ஆகச் சிறிய படி நிலத்தில் ஏறத்தாழ 84 சென்றிமீற்றர். அகலாங்கு 7.7 என்ற சின்ன எண்ணாக இருப்பதால் அதன் படி 5 சென்றிமீற்றர்தான். வடக்கு தெற்காக ஓடும்போது பக்கவாட்டு விலகலைச் சொல்வது நெட்டாங்கு. அது 84 சென்றிமீற்றர் படிகளில் குதிக்க, ஸ்டியரிங்கும் கூடவே குதிக்கும். ஐரோப்பாக்காரன் எழுதிய அதே புரோகிராம் அவனுடைய ஊரில் ஒழுங்காக ஓடியிருக்கலாம், அங்கே நெட்டாங்கு சின்ன எண்.

தீர்வு லேசு. பாகையைப் பத்து மில்லியனால் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள். 32 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். யூப்ளொக்ஸ் ஜீபிஎஸ் மொடியூல் அனுப்பும் யூபிஎக்ஸ் வடிவச் செய்தி அப்படித்தான் தருகிறது. தொடக்கப் புள்ளியை முழு எண்ணிலேயே கழித்துவிட்டு, அப்புறம் மீற்றராக்குங்கள். நமது இடம் மத்திய கோட்டுக்குக் கிட்ட என்பதால் ஒரு பாகை எந்தப் பக்கமும் 110 கிலோமீற்றர் அளவுதான். நெட்டாங்கு வித்தியாசத்தை அகலாங்கின் கொசைனால் பெருக்க மறந்தாலும் ஒரு சதவீதம்கூடப் பிழைக்காது.

கல்முனை: மோட்டர் சுற்றத் தொடங்கியதும் திசைகாட்டி வேறு பக்கம் காட்டுகிறது.

மோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் செய்கிற வேலை. திசைகாட்டியை ஒரு தடியில் உயர்த்திப் பூட்டுங்கள், பற்றறி வயர் இரண்டையும் முறுக்கி விடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கழற்றிவிடலாம். வண்டி ஓடும்போது ஜீபிஎஸ்ஸே போகும் திசையைச் சொல்லும், இடையில் கைரோ பார்த்துக்கொள்ளும்.

கல்லடி: கடற்கரையில் ஓட்டிப் பழகலாமா?

வேண்டாம். மணலில் சக்கரம் வழுக்கும், என்கோடர் பொய் சொல்லும். உப்புக் காற்று போர்டுக்கும் கூடாது. பள்ளிக்கூட மைதானத்தைக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு தாய்: மகள் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றறி வாங்கக் கேட்கிறாள். வெடிக்கும் என்கிறார்களே தம்பி?

பயம் நியாயம்தான் அக்கா, ஆனால் கவனமாகப் பாவிக்கலாம். ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேலே ஏறவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் கூடாது. எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பலன்ஸ் சார்ஜர் கட்டாயம். ஆள் இல்லாத நேரம் சார்ஜில் விடவேண்டாம், தகரக் கூரைச் சூட்டிலும் வெயிலில் நிற்கும் வாகனத்திலும் வைக்கவேண்டாம். பற்றறி ஊதியிருந்தால் மறுபடி சார்ஜ் பண்ணவே கூடாது. இன்னொன்று, வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். நான் பற்றறியைவிட அதைத்தான் முதலில் கேட்பேன்.

ஒலுவில்: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் டொங்கி கார் என்ற தானோட்டி மென்பொருளைப் போட்டு, கமரா படங்களால் பழக்கினோம். காலையில் அருமையாக ஓடிய வண்டி மத்தியானம் பாதைக் கோட்டிலிருந்து விலகுகிறது. ஏன்?

அது கோட்டை மட்டும் படிக்கவில்லை, நிழலையும் சேர்த்துப் படித்திருக்கிறது. நீங்கள் ஓட்டிக் காட்டும்போது எந்தப் படத்துக்கு ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்பதைத்தான் அது பழகுகிறது. காலையில் மரநிழல் பாதையின் குறுக்கே நீட்டிக் கிடக்கும், மத்தியானம் அது சுருங்கிவிடும். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கே வருவதால் அநேகமாக நிழலே இராது. காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று நேரமும் ஓட்டிப் படம் சேருங்கள். கமராவின் தானியங்கி வெளிச்ச அமைப்பை நிறுத்தி ஒரே அளவில் பூட்டுங்கள். பாதையை விட்டு விலகிய வண்டி திரும்பி வருவதையும் பதிவு செய்யுங்கள். எல்லாரும் வடிவாக ஓட்டியதை மட்டும் பதிவு செய்கிறார்கள், பிறகு ஒருதரம் விலகினால் திரும்புவது எப்படி என்று வண்டிக்கே தெரியாது. போட்டி எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டு வைத்தால் அந்த நேரத்துப் படங்களைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.